பதினைந்தாவது மட்டை

விரல்கள் மடங்க மறுத்தன. புல் வெட்டும் இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் எப்போதுமே ஒரு நடுக்கம் ஊறிக்கொண்டிருக்கும். இன்று அது முழங்கையைத் தாண்டித் தோள்பட்டை வரை ஏறியிருந்தது. வீட்டின் பின்பக்கக் குழாயடியில் மண்டியிட்டு, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் அவள் அப்பாவின் கோல்ஃப் மட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிமென்ட் தரை முழங்காலைத் தின்றது.

மட்டைகளின் முகத்தில் இருக்கும் கோடுகளுக்குள் மூன்று நாளுக்கு முந்தைய ஆட்டத்து மண் காய்ந்து கிடந்தது. அப்பா இருந்திருந்தால் அப்படி விட்டிருக்கமாட்டார். முந்தாநாள் சாயங்காலம் விளையாடக் கிளம்பியவர், வாசற்படியில் உட்கார்ந்து வலது கால் ஷூவின் லேஸை இரட்டை முடிச்சாகப் போட்டார். இடது ஷூவைக் கையில் எடுத்தார். எடுத்தபடியே சுவரில் சாய்ந்துவிட்டார். எழுபத்தொரு வயது. டாக்டர் வந்து பார்த்தபோதும் அந்த ஷூ கையில்தான் இருந்தது.

நேற்று விடிந்ததும் அவள் மைதானத்துக்குப் போய் ஒன்பது குழிகளைச் சுற்றியும் புல் வெட்டிவிட்டு வந்தாள். சம்பளத்துக்கு வேலை, வெட்டித்தான் ஆக வேண்டும். வீட்டில் உட்கார்ந்தால் யாராவது வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயமும் இருந்தது.

முன்னறையில் தச்சர் வேலையை முடித்திருந்தார். சவப்பெட்டியின் மூடிக்கு எட்டு திருகாணிகள். மூடுவதற்கு முன்னால் அம்மா ஒரே ஒரு காரியத்தைத்தான் பிடிவாதமாகச் செய்தாள். மூன்று வாரத்துக்கு முன் அப்பா ஜெயித்த கோப்பையைப் புடவைத் தலைப்பால் துடைத்து அவர் மார்பின் மேல் வைத்தாள். பித்தளைதான், முலாம் பூசியது. ஆனாலும் முப்பது வருஷத்தில் அவர் ஜெயித்த ஒரே கோப்பை. அவருடைய மட்டைப் பையை இடுகாடு வரைக்கும் எடுத்துவர வேண்டும் என்றும் சொன்னாள். அதனால்தான் இந்தத் தேய்ப்பு.

தேய்த்த ஒவ்வொன்றையும் அவள் பையில் செருகினாள். எண்ணிக்கொண்டே செருகுவது பழக்கம். பதினான்கு. சரி. ஒருவர் பையில் பதினான்கு மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது.

வானம் மூட்டம் போட்டிருந்தது. பையின் பக்கவாட்டில் அப்பாவின் குடை, கறுப்புத் துணி உறைக்குள், தலைகீழாகச் செருகியிருந்தது. மழை வந்தால் அம்மாவுக்கு ஆகுமே என்று அதை உருவினாள். குடைக்கு இவ்வளவு கனம் ஆகாது. உறையின் நாடாவை அவிழ்த்தாள்.

உள்ளே கடப்பாரை இருந்தது.

கடப்பாரை என்பது மைதானத்தில் எல்லாரும் வைத்த பெயர். அது மூன்றாம் நம்பர் இரும்பு மட்டை. நீளமானது, மெலிந்த தலை, ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும் முகம். தோளில் வேகம் இருப்பவன் சுழற்றினால் பந்தைத் தூக்கிக் கொடுக்கும். அப்பா சிமென்ட் ஆலையில் உலைக்குள் கல் பதித்த கொத்தனார். முப்பத்தெட்டு வருஷம் சூடு ஆறாத உலைக்குள் குனிந்து நுழைந்து, தலைக்கு மேல் கல்லை ஏந்தி ஏந்திப் பதித்த தோள் அது. பாதிக்கு மேல் திரும்பாது. அந்தத் தோளை வைத்துக்கொண்டு கடப்பாரையால் அடித்தால் பந்து எலி மாதிரி தரையோடு ஓடி ஒன்பதாம் குழிக்கு முன்னால் இருக்கும் தண்ணீரில் விழும். வாரா வாரம் விழும். விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு அப்பா, “நல்லாத்தான் பட்டுச்சு” என்பார்.

அந்த மைதானமே ஒரு பள்ளத்தை மூடி உண்டானது. ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டித் தீர்ந்ததும் கம்பெனி மண் கொட்டிப் புல் போட்டு அதிகாரிகளுக்கு ஒன்பது குழி மைதானமாக்கியது. ஒரு மூலையை மட்டும் மூட முடியவில்லை, ஊற்று. பிறகு அதிகாரிகளின் அலுவலகம் வேறு ஊருக்குப் போனது. அந்த வருஷம் தொழிலாளிகள் சம்பள உயர்வு கேட்டுச் சண்டை போட்டார்கள். உயர்வு கிடைக்கவில்லை, மைதானம் கிடைத்தது. கொத்தனாரும் கிரேன் ஓட்டுபவரும் எலக்ட்ரீஷியனும் அதிகாரிகள் விட்டுப்போன மட்டைகளை எடுத்துக்கொண்டு, பார்த்த ஞாபகத்தில் விளையாடப் பழகினார்கள். விதிகளை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கொட்டகைச் சுவரில் ஒரு பலகையில் எழுதி மாட்டினார்கள். எழுதியவர் அப்பா.

அவரை ஆலையில் ரசமட்டம் என்பார்கள். சுவர் நேராக நிற்கிறதா என்று கொத்தனார் வைத்துப் பார்க்கும் கருவியின் பெயர். ஒரு கல் நூல் பிசகினாலும் பிடுங்கிவிட்டு மறுபடி பதிப்பார் என்பதால் வந்த பெயர். மைதானத்திலும் அப்படியே. அவளுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது, அவள் மட்டையை வைக்கையில் பந்து ஒரு விரல் அகலம் நகர்ந்தது. அவளே கவனிக்கவில்லை. நாற்பது பேர் முன்னால் கையைத் தூக்கி அபராத அடி போட்டவர் அப்பா. குறைந்த அடிகளில் முடிப்பவர் ஜெயிக்கும் ஆட்டத்தில் ஓர் அடி என்பது சின்ன விஷயம் இல்லை.

போன வருஷக் கடைசியில்தான் அவள் கரண்டி என்ற இன்னொரு மட்டையைக் கண்டுபிடித்தாள். கொட்டகைப் பரணில் கிடந்தது. ஏழாம் நம்பர் மர மட்டை. பேருக்குத்தான் மரம், தலை முழுக்க உலோகம். குண்டாக, கட்டையாக, கரண்டி மாதிரி. எடை எல்லாம் அடிப்பக்கம். முகம் மல்லாந்து வானத்தைப் பார்க்கும். கொஞ்சம் தப்பாகப் பட்டாலும் பந்து எழும்பிவிடும், உயரத்திலிருந்து விழுவதால் ஓடாமல் நிற்கும். கடப்பாரை போகிற தூரமேதான், ஆனால் ஆகாய வழி.

அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை வெச்சு என்னத்தைக் கிண்டுறது, மேஸ்திரி?” என்றார். அவளைக் கிண்டல் செய்யும்போது மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்.

அவள் வாதாடவில்லை. தண்ணீருக்கு இந்தப் பக்கம் இருபது பந்துகளைக் கொட்டினாள். கடப்பாரையால் பத்து, கரண்டியால் பத்து. கடப்பாரையால் அடித்ததில் ஒன்று அக்கரை போனது. கரண்டியால் அடித்ததில் எட்டு. எண்ணிக்கை என்று வந்துவிட்டால் அப்பா மறுபேச்சுப் பேசமாட்டார். சரி, கடப்பாரையை வீட்டில் வைத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அதை அவள் ஒரு மாதம் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். எங்கப்பா கடப்பாரைக்கு ஓய்வு கொடுத்துட்டார், பென்ஷன் மட்டும்தான் பாக்கி என்று.

இப்போது அந்தக் கடப்பாரை அவள் மடியில் கிடந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்த வாசம். பையில் இருந்தது பதினான்கு, இதோடு பதினைந்து.

அவள் உறையைத் திருப்பிப் பார்த்தாள். புதுத் துணி. கையால் போட்ட தையல். அந்தத் தையலை அவளுக்குத் தெரியும்.

அம்மா அடுப்படியில் வருபவர்களுக்காகத் தம்ளர்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். உறையைப் பார்த்ததும் அவள் கை நின்றது. பிறகு, பிடிபட்டவளின் கோபத்தோடு, ஆமாம், நான்தான் தைத்துக் கொடுத்தேன் என்றாள். முப்பது வருஷம் கூடவே இருந்ததை வீட்டில் போட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. எடுத்துப் போனால் நீ விடுவாயா, ஊரைக் கூட்டிச் சிரிப்பாய். சும்மா கூட இருக்கட்டும், அடிக்கமாட்டேன் என்றார். அதனால் குடை மாதிரி ஓர் உறை.

“பதினாலுக்கு மேல இருக்கக்கூடாதும்மா.”

“அவர் அதை அடிக்கவே இல்லையேடி.”

“அடிக்கலைன்னாலும்தான். பையில இருந்தாலே தப்பு.”

“இருந்தா என்னடி இப்ப?”

“கோப்பை ஜெயிச்ச அன்னைக்கும் இந்தக் குடை பையில இருந்துச்சு. பையைத் தூக்கிட்டு நடந்தவ நான்.”

அம்மா ஒரு தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். இன்னொன்றைக் கவிழ்த்து வைத்தாள். போனவரைப் போய் இப்போது கணக்குப் பார்க்க வேண்டுமா என்று கேட்டாள். கேட்ட குரலில் பலம் இல்லை. கணக்குப் பார்ப்பதற்கென்றே பிறந்தவருடன் நாற்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவள்.

மகளை உண்மையில் குடைந்தது கோப்பைகூட இல்லை. அந்தப் போட்டியில் இரண்டாவதாக வந்தவர் கிரேன்காரர். அப்பாவின் கூட்டாளி, அவளுக்கு மாமா முறை. இடுகாட்டில் நாலு வார்த்தை பேசப்போவதும் அவர்தான். நேற்று ராத்திரி போனில் அதை அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தார். நடுவில் ஒரு வரி. ‘இந்த மனுஷன் வாழ்க்கையில ஒரு அடிகூடக் குறைச்சு எழுதினதில்லை.’ இன்னொரு தடவை படிக்கட்டுமா என்று கேட்டு, படித்தார்.

கொட்டகைச் சுவர்ப் பலகையில் பதினான்கு மட்டை விதிக்குக் கீழே அப்பாவே எழுதியிருந்தார்: ‘கூடுதலாக இருந்தால் நாலு அடி அபராதம். எப்போது தெரிந்தாலும்.’ அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள் பிறகு சேர்த்தவை. ஆறு வருஷத்துக்கு முன் எலக்ட்ரீஷியன் கோப்பை வாங்கிப் பத்து நாள் கழித்து, அவர் பையின் அடியில் ஒரு குட்டி மட்டை கிடந்தது தெரியவந்தது. அவருடைய மகன் விளையாட்டுக்குப் போட்டது. அப்பா நேரே எலக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போய், டீ குடித்து, கோப்பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த மனுஷனைப் பற்றி நாற்பது பேர் முன்னால் பொய்யான ஒரு வரியைப் படிக்க விடுவதா. படிப்பவருக்கு அது பொய்யென்று தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவள். வீட்டிலிருந்து இடுகாட்டுக்குப் பன்னிரண்டு நிமிட நடை.

*

தூக்க ஆறு பேர். முன்னால் இடது பக்கம் அவள், வலது பக்கம் கிரேன்காரர். நடுவில் எலக்ட்ரீஷியனும் ஆலையின் சாமான் கிடங்கைப் பார்க்கும் ஸ்டோர்காரரும். பின்னால் உலையில் வேலை பார்க்கும் இரண்டு பேர். பெண்பிள்ளை தூக்குவதா என்று யாரோ முனகியதற்கு, அவள் தினமும் தள்ளும் இயந்திரம் இந்தப் பெட்டியைவிடக் கனம் என்று அம்மா சொல்லிவிட்டாள். கிரேன்காரர் அவளைவிட ஒரு முழம் உயரம். பெட்டி அவள் பக்கம் சரிந்தது. தோளில் துண்டை இரண்டாக மடித்து வைத்தார்கள், அப்புறம் நாலாக.

“இப்பவும் சாய்வாத்தான் இருக்கு. உள்ள இருக்கிற ஆள் சும்மா இருக்கமாட்டான்,” என்றார் கிரேன்காரர்.

பின்னால் பையைச் சுமந்தபடி தெருவின் கடைசி வீட்டுக்காரர், அவருக்குப் பின்னால் அம்மா. அம்மாவின் கையில் அந்தக் குடை உறை, உள்ளே கடப்பாரையோடு. அவளாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

சாலையின் இரண்டு பக்கமும் வீடுகளின் கூரைகள் சிமென்ட் தூசி படிந்து ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. முதல் திருப்பம் வந்தது. பெட்டியின் விளிம்பு கன்னத்தில் உரசியது.

“மாமா.”

“மூச்சை மிச்சம் பிடிம்மா. மேடு வருது.”

“அந்தப் பேப்பர்ல அந்த வரியைப் படிக்காதீங்க. ஒரு அடிகூடக் குறைச்சு எழுதலைன்னு.”

“அதுதாம்மா உருப்படியான வரி. மத்ததெல்லாம் பிறந்தான், வேலை பார்த்தான், ரிட்டயர் ஆனான்.”

“அப்பா பையில பதினஞ்சு இருந்துச்சு.”

அவர் நாலு எட்டு நடந்தார்.

“பதினஞ்சு என்ன?”

“மட்டை. போட்டியன்னைக்கு. கடப்பாரையை வீட்டுல வைக்கல. குடை உறைக்குள்ள போட்டுக் கூடவே கொண்டு வந்திருக்கார்.”

பின்னாலிருந்து எலக்ட்ரீஷியனின் குரல் வந்தது. “எத்தனைன்னு சொன்னே?”

கிரேன்காரரின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை, நடுவில் அப்பா இருந்தார். பெட்டி அடியில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. கோபமாக இருந்தால் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டாள். மூன்று வாரமாக ஆலையில் கரண்டியிடம் தோற்றவர் என்று அவரை யாரும் கேலி செய்யாமல் விடவில்லை. கிரேன் கூண்டின் கதவில் யாரோ ஒரு கரண்டியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவரும் அவிழ்க்காமல் அதோடு மேலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

“குடையா,” என்றார் மெதுவாக. “அந்தக் குடையா?”

“ஆமா மாமா.”

“அன்னைக்கு ரெண்டாவது சுத்துல, ரெண்டாம் குழியில மழை கொட்டுச்சு. ஞாபகமிருக்கா?”

“இருக்கு.”

“ரெண்டு பேரும் நனைஞ்சு நிக்கிறோம். குடையை விரிடான்னேன். கம்பி உடைஞ்சிருக்குன்னான். உடைஞ்சாலும் பரவாயில்லை விரிடான்னேன். குடை எல்லாம் ஆபீசருங்களுக்குடான்னான். எனக்கு நாலு நாள் சளி.”

முதலில் அவர் தோள் குலுங்கியது. தோளோடு பெட்டியும் குலுங்கியது. உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்ததில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. வாசலில் நின்றிருந்த இரண்டு பெண்கள், இவ்வளவு பெரிய ஆள் இப்படி உடைந்து அழுகிறாரே என்று பார்த்துவிட்டுத் தாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவளுக்கும் சிரிப்பு முட்டியது. மேட்டில் சிரித்தால் கால் நிற்காது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

மேட்டின் உச்சியில் கிரேன்காரர் சட்டென்று நின்றார். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள்.

“அவன் எண்பத்தெட்டு,” என்றார். “நாலு போட்டா தொண்ணூத்திரண்டு. நான் தொண்ணூத்தொண்ணு.”

“ஆமா மாமா.”

“அப்ப நான்தான் ஜெயிச்சேன்.”

“ஆமா.”

“என் கோப்பை எங்க?”

அவள் தலையைச் சாய்த்துக் கன்னத்தால் பெட்டியைத் தொட்டுக் காட்டினாள்.

“உள்ளயா?”

“நெஞ்சு மேல. அம்மா வெச்சாங்க.”

“மூடி?”

“எட்டு திருகாணி.”

“என்கிட்ட ஸ்க்ரூடிரைவர் இருக்கு,” என்றார் எலக்ட்ரீஷியன். ஆறு வருஷமாக இந்தத் தருணத்துக்காகவே அதைச் சட்டைப்பையில் சுமந்தவர் போலச் சொன்னார்.

“நீ வாயை மூடிட்டு நட.”

“எப்போது தெரிந்தாலும்னு எழுதினவர் அவர். நான் இல்லை.”

“நட.”

பிறகு இடுகாட்டு வாசல் வரை யாரும் பேசவில்லை. ஸ்டோர்காரர் மட்டும், என்ன விஷயம் என்று இரண்டு தடவை கேட்டார்.

*

பெட்டியைக் குழிக்கு மேல் போட்ட கட்டைகளில் இறக்கினார்கள். அவளுடைய இடது தோள் தனியாக எங்கோ மிதந்தது. பையைக் குழியின் ஓரத்தில் நிறுத்தினார்கள். தேய்த்துக் கழுவிய மட்டைத் தலைகள் மூட்டத்திலும் மின்னின. நடுவில் கரண்டி, குண்டாக.

நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். காலை ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்களின் புருவத்தில் தூசி இருந்தது. கிரேன்காரர் கண்ணாடியை மாட்டினார். பேப்பரைப் பிரித்தார். பிறந்த வருஷத்தைப் படித்தார். ஆலையில் சேர்ந்த வருஷத்தைப் படித்தார். உலைக்குள் ஒரு தடவை அனல் அடித்தபோது, ரசமட்டம் தன் ஈரச் சாக்கைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவன் மேல் போட்டதைப் படித்தார். பக்கத்தில் இருந்தவன் பெயரைப் படிக்கவில்லை. அவர் கழுத்திலிருந்த பழைய தழும்பை எல்லாரும் பார்த்தார்கள்.

அடுத்தது அந்த வரி. அவர் கட்டைவிரல் அதன்மேல் போய் நின்றது அவளுக்குத் தெரிந்தது. அவர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். தாண்டிப் போய்விடுவார் என்று தோன்றியது; அதுவே போதும் என்றும் தோன்றியது. போதாது என்றும் தோன்றியது.

அவர் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“இவன் வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் கம்மியா எழுதினான்,” என்றார். “நாலு அடி. மூணு வாரத்துக்கு முன்னால. ஏமாத்தணும்னு இல்லை. பொண்ணுக்குப் பயந்து.”

நாற்பது தலைகளும் அவள் பக்கம் திரும்பின. என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவின் கையிலிருந்த உறையை வாங்கி, நாடாவை அவிழ்த்து, கடப்பாரையை உருவி உயரத் தூக்கிக் காட்டினாள்.

புருவத் தூசியோடு நின்றவர்கள் மட்டையைப் பார்த்தார்கள், பையைப் பார்த்தார்கள், மனதுக்குள் எண்ணினார்கள். முதலில் சிரித்தது அம்மா. மூக்கை உறிஞ்சுவது போல ஒரு சின்னச் சத்தம், பிறகு வாயைப் பொத்திய முந்தானைக்குள்ளிருந்து இன்னொன்று. அவ்வளவுதான். உலைக்காரர்களில் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். ‘குடை எல்லாம் ஆபீசருங்களுக்கு’ என்ற கதையைக் கிரேன்காரர் நடித்தே காட்டினார், சளியோடு. குழி வெட்டியவர்கள் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, விஷயம் புரியாமலே சிரித்தார்கள். எலக்ட்ரீஷியன் மட்டும் கடைசி வரை முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும், “எங்க வீட்டுல டீ வேற குடிச்சிட்டு வாங்கிட்டுப் போனார்யா,” என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் சிரித்தார்.

கோப்பை என்ன ஆவது என்று யாரோ கேட்டார்கள். கிரேன்காரர் பெட்டியின் மூடியை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். கோப்பை அவனிடமே இருக்கட்டும், அவன் மனைவி வைத்ததை எடுக்க நான் யார் என்றார். இறக்கலாம் என்று கையைக் காட்டினார். கிரேனில் இருந்துகொண்டு கீழே நிற்பவருக்குக் காட்டும் அதே சைகை. பெட்டி ஒரு பக்கமும் சாயாமல், மட்டமாக இறங்கியது.

*

திரும்பும் வழியில் யாரும் சொல்லாமலே எல்லாரும் மைதானத்துக்குள் நுழைந்தார்கள். அவள் நேற்று வெட்டிய புல்லில் வரி வரியாக வெளிச்சமும் இருட்டும் மாறி மாறிக் கிடந்தன. மூட்டம் கலைந்து வெயில் வந்திருந்தது. ஒன்பதாம் குழிக்கு முன்னால் தண்ணீர் பளபளத்தது.

கடப்பாரையால் ஆளுக்கு ஓர் அடி என்று முடிவானது. கிரேன்காரர் அடித்தார், தண்ணீர். எலக்ட்ரீஷியன், தண்ணீர். உலைக்காரர்கள் இருவரில் இளையவருக்குத் தோள் பலம் இருந்தது. பந்து அக்கரையின் விளிம்பில் பட்டு, யோசித்து, பின்னால் உருண்டு தண்ணீர். ஒவ்வொரு பந்து விழும்போதும் கரையில் நின்றவர்கள் ஒரே குரலில், “நல்லாத்தான் பட்டுச்சு,” என்றார்கள். ஸ்டோர்காரருக்குப் பந்தில் படவே இல்லை. அவருக்கும் அதையே சொன்னார்கள்.

அவள் முறை வந்தது. தோள் வலித்தது, விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. கைப்பிடியில் அப்பாவின் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் இருந்தது. அதில் தன் கட்டைவிரலை வைத்து அடித்தாள். கையில் பட்ட அதிர்வு பல் வரைக்கும் போனது. பந்து எலி மாதிரி ஓடி எல்லாவற்றுக்கும் முன்னால் விழுந்தது.

“கரண்டியை எடும்மா,” என்றாள் அம்மா, வரப்பில் உட்கார்ந்தபடி.

கரண்டியால் அடித்தாள். அடித்த மாதிரியே தெரியவில்லை. பந்து எழும்பிக்கொண்டே போனது. எல்லாரும் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்கள். உச்சியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி, ஒட்ட வெட்டிய புல்லில் ஓசையில்லாமல் உட்கார்ந்தது. கிரேன்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

கொட்டகையில் கரும்பலகையில் அடுத்த சனிக்கிழமைக்கான ஜோடிகள் எழுதியிருந்தன. ரசமட்டம், கிரேன் என்று ஒரு ஜோடி, அப்பாவின் நேர்க்கோடான எழுத்தில். கிரேன்காரர் சாக்பீஸை எடுத்தார். அவள் பக்கத்தில் போய், சனிக்கிழமை அப்பா இடத்தில் தான் ஆடுவதாகவும், தன் கணக்கில் நாலு அடி கூட்டி எழுதிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள்.

“உன்கிட்ட யாரும்மா கேட்டா? கடன்பட்டது அவன். அவன்கிட்டயே வாங்கிக்கறேன்.”

பலகையின் அடியில் எழுதினார். பெரிய கை, எழுத்து மலை ஏறுவது போல மேல்நோக்கிப் போனது.

வாரம் முடிந்ததும் ஈரத்துணியால் அந்தப் பலகையைத் துடைப்பது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஜோடிகளை அழித்தாள், எண்களை அழித்தாள், யார் யாருக்கு டீ வாங்கித் தர வேண்டும் என்பதையெல்லாம் அழித்தாள். அடியில் இருந்த கோணல் வரியைச் சுற்றி மட்டும் துணியை மெதுவாக ஓட்டினாள்.

ரசமட்டம், கிரேனுக்கு நாலு அடி பாக்கி.